சாமையும் குச்சிக்கிழங்கும், ஏமாற்றிய ஒரு புத்தகமும்

ஜெஃப்ரி க்ளூகர் எழுதிய ‘சிம்ப்ளெக்ஸிட்டி’யை ஒருவழியாகப் படித்து முடித்துவிட்டேன். 2008-ல் வந்த புத்தகம். எளிமை, சிக்கல் இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டித் தலைப்பு வைத்திருக்கிறார். க்ளூகர் ‘டைம்’ பத்திரிகைக்காரர். விண்வெளி வீரர் ஜிம் லவலோடு சேர்ந்து அவர் எழுதிய அப்பல்லோ 13 புத்தகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டாம் ஹாங்க்ஸ் நடித்த படம் அதிலிருந்து எடுத்ததுதான். அந்த நம்பிக்கையில் இதை வாங்கினேன்.

ஏமாற்றம்தான். மோசமான புத்தகம் என்று சொல்ல மாட்டேன். அட்டையில் நிறைய வாக்குறுதி தருகிறார்கள்: தண்ணீர் உறிஞ்சும் ஒரு குழாய் எப்படி ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றுகிறது, பத்து லட்சம் கார் ஓடும் ஊரில் சில நூறு கார் மட்டும் எப்படி மொத்த ஊரையும் ஸ்தம்பிக்க வைக்கிறது, பங்குச்சந்தை முதலீட்டாளர்கள் எப்படி அணுக்களைப்போல நடந்துகொள்கிறார்கள், டிவியைத் தலையில் ஒரு தட்டு தட்டினால் ஏன் படம் தெரிகிறது. ஒவ்வொன்றும் தனியாகப் படிக்க நன்றாகவே இருக்கிறது. மொத்தமாகப் படித்தால் கல்யாணப் பந்தியில் இலை நிறைய ஊறுகாயை வைத்துவிட்டு சோறு போட மறந்த மாதிரி ஆகிவிடுகிறது.

என் குறை இதுதான். ‘சிக்கல்’ என்ற ஒரே சொல்லை அவர் நாலைந்து அர்த்தத்தில் புழங்குகிறார். ஒரு இடத்தில் பாகங்களின் எண்ணிக்கை. இன்னொரு இடத்தில் புரிந்துகொள்வதற்குக் கஷ்டம். வேறொரு இடத்தில் கணித்துச் சொல்ல முடியாமை. செல்போன் பற்றிப் பேசும்போது பயன்படுத்துவதில் உள்ள எரிச்சல். இருபது வருஷமாக கோட் எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த நாலும் நாலு வேறு வியாதிகள் என்று தெரியும். ஒன்றுக்கு மருந்து கொடுத்தால் இன்னொன்று கூடும். இந்தக் குழப்பத்தைத் தெளியவைக்கவே எழுபத்தைந்து வருஷமாக ஆட்கள் உழைத்திருக்கிறார்கள். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நம்ம ஊருக்கு வருகிறேன்.

1948-ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையில் வேலை பார்த்த வாரன் வீவர் என்ற கணிதக்காரர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அறிவியல் எதிர்கொள்ளும் பிரச்சினைகளை மூன்றாகப் பிரித்தார். இரண்டு மூன்று மாறிகள் மட்டும் உள்ளவை முதல் வகை. பில்லியர்ட்ஸ் மேஜையில் ஓடும் ஒற்றைப் பந்து மாதிரி. இரண்டாவது, கோடானுகோடி துகள்கள் தாறுமாறாக ஓடும் வாயு. ஒவ்வொன்றாகப் பார்த்தால் தலை சுற்றும், சராசரி எடுத்தால் சுலபம். மூன்றாவது இரண்டுக்கும் நடுவே இருப்பது. பாகங்கள் நிறைய, ஆனால் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டிருப்பவை. சராசரி எடுத்தால் விஷயமே தொலைந்துபோகும். இதை அவர் ‘ஒழுங்கமைந்த சிக்கல்’ என்றார்.

1965-ல் ரஷ்யாவின் கொல்மகோரவ் ஒரு அளவுகோல் கொடுத்தார். ஒரு பொருளை முழுசாக விவரிக்க எவ்வளவு சின்ன ப்ரோக்ராம் போதும் என்று பாருங்கள், அந்த நீளம்தான் அதன் சிக்கல். ‘அ’ என்ற எழுத்தை ஆயிரம் தடவை எழுதச் சொல்ல ஒரு வரி போதும். அழகான வரையறை, ஆனால் ஒரு ஓட்டை உண்டு. குரங்கு தட்டிய எழுத்துக் குப்பைக்குத்தான் இதில் அதிக மதிப்பெண் கிடைக்கும். 1984-ல் சாண்டா ஃபே ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மரே கெல்-மான் இதைச் சரிசெய்யப் பார்த்தார். குப்பையை ஒதுக்கிவிட்டு, அந்தப் பொருளில் உள்ள ஒழுங்கை மட்டும் விவரிக்க எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டார். சாண்டா ஃபே ஆட்கள் க்ளூகர் புத்தகத்திலும் வருகிறார்கள். அவர்கள் கேட்ட கேள்வியின் கூர்மைதான் வரவில்லை.

இன்னொருவர் என் தொழில்காரர். கம்ப்யூட்டரில் நாம் தினமும் பண்ணும் கட்-காப்பி-பேஸ்ட்டுக்குக் காரணமானவர்களில் ஒருவர், லாரி டெஸ்லர். 1980-களில் ஆப்பிளில் இருந்தபோது அவர் சொன்ன ஒரு விதியை இன்றும் சாப்ட்வேர் கம்பெனிகளில் மேற்கோள் காட்டுவார்கள். ஒரு வேலையில் இருக்கும் சிக்கலை ஓரளவுக்கு மேல் ஒழிக்க முடியாது, இடம்தான் மாற்ற முடியும். திரையில் ஒரு பட்டனைக் குறைத்தால் உள்ளே நூறு வரி கோட் கூடும். பயனாளிக்கு எளிமை, ப்ரோக்ராமருக்குத் தலைவலி. அல்லது நேர்மாறாக. ஆக, எதையாவது ‘எளிமையாக்கிவிட்டோம்’ என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டிய கேள்வி: யாருக்கு எளிமை? மிச்சத்தை யார் தலையில் கட்டினீர்கள்?

இந்தக் கேள்வியைக் க்ளூகர் ஓரிடத்திலும் உட்கார்ந்து கேட்கவில்லை. புத்தகத்தின் பின்பாதியை நான் படித்தது கொல்லிமலையில், வாசலூர்பட்டியில். அங்கே இந்தக் கேள்வி கண்ணெதிரே சரிவில் விளைந்து நின்றது.

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை அருவி, அரப்பளீஸ்வரர் கோயில், வல்வில் ஓரி எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாசலூர்பட்டிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் படகு இல்லத்துக்கு வருகிறார்கள். சின்ன ஏரி, பெடல் போட்டு, சுண்டல். கரையைத் தாண்டிப் பார்த்தால் சரிவில் குச்சிக்கிழங்கு. சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளியை அப்படித்தான் சொல்வார்கள். ஒரே உயரம், ஒரே பச்சை, ஒரே இடைவெளி. கொல்மகோரவ் பார்த்திருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பார்: மூன்றடிக்கு ஒரு குச்சி நடு, சரிவு முடியும்வரை திரும்பச் செய்.

இந்தச் சரிவுகளில் முன்பு இருந்தது வேறு. மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்கிறார்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களுடைய கதை. பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் இடத்தில் நெல். மேட்டில், சரிவில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு, வரகு. இதோடு நிற்கவில்லை. சாமை என்றால் ஒரு சாமை இல்லை; மல்லியசாமை, கட்டவெட்டிசாமை, பெருஞ்சாமை என்று போகும். தினையில் செந்தினை, பெருந்தினை. கேழ்வரகில் சுருட்டைக் கேழ்வரகு, அரிசிக் கேழ்வரகு, காரக் கேழ்வரகு. பெயர் வேறு என்றால் குணமும் வேறு. ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று மெலிந்த மண்ணிலும் நிற்கும், ஒன்று களிக்கு ஏற்றது, ஒன்றின் தாள் மாட்டுக்குப் பிடிக்கும். சாமையோடு துவரை, கேழ்வரகோடு கடுகும் அவரையும் என்று கலந்து விதைப்பார்கள். சாமையை அறுத்த பிறகும் துவரை காட்டில் நிற்கும். மழை பிந்தினால் எந்த விதை, எந்தச் சரிவில் எது, எதை முதலில் அறுப்பது, தொம்பையில் எதை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைப்பது என்று இத்தனை முடிவுகளும் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. வீட்டுப் பெரியவர்கள் தலையில் இருந்தன.

வீவரின் மூன்றாவது பெட்டிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் வெளியிலிருந்து வருகிறவருக்கு இது ‘எளிய’ விவசாயமாகத் தெரிந்தது. டிராக்டர் இல்லை, உரமூட்டை இல்லை, வரிசை இல்லை. நம் அரசுப் புள்ளிவிவரங்களில் இந்தத் தானியங்களுக்கு வைத்திருந்த தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘முரட்டுத் தானியங்கள்’. 2018 ஏப்ரலில்தான் மத்திய அரசு அதை ‘ஊட்டத் தானியங்கள்’ என்று மாற்றி அரசிதழில் போட்டது. வகைப்பாடு என்பது ஒரு எளிமையாக்கம்தான். பத்துப் பதினைந்து பெயர்களை ஒரு பெட்டியில் போட்டு மூடி, மேலே ஒரு வசவையும் எழுதியாயிற்று.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பன்மை இருந்தாலே எல்லாம் பத்திரம் என்று இயற்கை விவசாய மேடைகளில் சொல்வார்கள். 1972-ல் ராபர்ட் மே ‘நேச்சர்’ இதழில் ஒன்றரைப் பக்க அளவில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். உயிர்களைக் கண்டபடி இணைத்துவிட்டால், எண்ணிக்கை கூடக்கூட அந்த அமைப்பு ஆட்டம் காணத்தான் வாய்ப்பு அதிகம். ஆகவே எண்ணிக்கை மட்டும் போதாது. எதை எதோடு சேர்ப்பது என்ற தேர்வு வேண்டும். துவரையும் சாமையும் சேர்ந்தது குருட்டாம்போக்கில் இல்லை. எத்தனையோ தலைமுறை வேண்டாததை விட்டு, வேண்டியதை வைத்துக்கொண்டு வந்ததன் மிச்சம் அது. நல்ல கோட்பேஸ் உருவாவதும் இப்படித்தான், யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதுவதில்லை.

இனி குச்சிக்கிழங்கின் கதை. இதன் பூர்வீகம் தென்னமெரிக்கா. போர்த்துகீசியர்கள் வழியாக மலபார் கரைக்கு வந்தது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்பினார். விஷக்கிழங்கு என்று மக்கள் பயந்ததால் அரண்மனையில் தனக்கே வேகவைத்துப் பரிமாறச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. பயத்திலும் நியாயம் இருந்தது. பச்சையாகத் தின்றால் சயனைடு உண்டாகும் கிழங்கு அது.

சேலத்துக்கு அது தொழிலாக வந்தது இரண்டாம் உலகப்போரால். அதுவரை ஜவ்வரிசி மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து இறக்குமதி ஆகிக்கொண்டிருந்தது. ஜப்பான் அந்த நாடுகளைப் பிடித்ததும் கப்பல் நின்றுபோனது. 1943 வாக்கில் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து, மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்து பார்த்தார். கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலை வடிகட்டி, தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவைத் துணியில் போட்டுத் தொட்டில்போல ஆட்டினால் உருண்டை உருண்டையாக வரும். அதைச் சட்டியில் வறுத்து வெயிலில் காயவைக்க வேண்டும். ஆரம்பத்தில் எல்லாமே கைவேலை. பிறகு மோட்டார் வந்தது, ஆலைகள் பெருகின, 1981-ல் ஆலைக்காரர்களுக்கான கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் சேலத்தில் அமைந்தது. (அதே 1943-ல்தான் வீவரின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை மெக்ஸிகோவில் ஒரு விவசாயத் திட்டம் தொடங்கியது. பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமை அங்கிருந்து வந்தது. ஒழுங்கமைந்த சிக்கலைப் பற்றி எழுதியவர் இருந்த இடமும், வயல்களை ஒரே ரகமாக்கிய புரட்சிக்குப் பணம் கொடுத்த இடமும் ஒன்றே. வேடிக்கைதான்.)

ஆலை கீழே இருக்கிறது, மலைக்கு ரோடு இருக்கிறது, லாரி ஏறுகிறது. குச்சிக்கிழங்கு மலையேற இது போதும். மழை கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் கிழங்கு தாங்கும். விதை சேமிக்க வேண்டாம், போன வருஷத்துச் செடியின் குச்சியை வெட்டி நட்டால் ஆயிற்று. பத்து மாதத்தில் பிடுங்கினால் மொத்தமாகக் காசு. அந்தக் காசில் பள்ளிக்கூடச் செலவு, ஓட்டு வீடு, டிவி.

சாப்பாட்டுக்கு? அதற்கு ரேஷன் கடை இருந்தது. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். சாமை விளைத்துச் சாப்பிடுவதற்கும் கிழங்கை விற்று அரிசி வாங்கிச் சாப்பிடுவதற்கும் நடுவே இருந்த கணக்கு அத்தோடு முடிந்தது.

இதை ‘ஐயோ, பாரம்பரியம் போச்சு’ என்று எழுதிவிட்டுப் போவது ரொம்பச் சுலபம். நிறையப் பேர் எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் இரண்டு. ஒன்று, வாசலூர்பட்டியில் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு ஆயா. சாமைச் சோறு பற்றிக் கேட்டதும் சிரித்தார். “டவுன்ல எல்லாரும் சாமை நல்லது, தினை நல்லதுன்னு சொல்றீங்க தம்பி. குத்தறது யாரு?” என்று கேட்டுவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

இரண்டு, கனடாவைச் சேர்ந்த எலிசபெத் ஃபின்னிஸ் என்ற மானுடவியலாளர். 2000-களின் தொடக்கத்தில் கொல்லிமலையில் தங்கி ஆய்வு செய்தவர். ஏன் பணப்பயிருக்கு மாறினார்கள் என்று 2006-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஏமாந்துபோய் மாறவில்லை, மழை, காசு, பிள்ளைகளின் எதிர்காலம் எல்லாம் யோசித்துத்தான் மாறினார்கள் என்று அதில் காட்டுகிறார். 2009-ல் பெண்களை மட்டும் மையமாக வைத்து இன்னொன்று. அதன் தலைப்பிலேயே ‘இப்போது வாழ்க்கை சுலபம்’ என்ற பொருளில் ஒரு தொடர் இருக்கிறது.

சுலபம் என்றால் என்ன என்று தெரிய, சாமை சோறாகிற வழியைப் பார்க்கணும். கேழ்வரகில் உமிப் பிரச்சினை இல்லை, அடித்துத் தூற்றி அரைத்தால் மாவு. சாமை, தினை, வரகு, பனிவரகு அப்படியில்லை. கடுகளவு தானியத்தை உமி இறுக்கிப் பிடித்திருக்கும். காயவைத்து, உரலில் போட்டு, உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததைத் திரும்பக் குத்தி, திரும்பப் புடைத்து, கல் பொறுக்கி, அதன்பிறகு உலை. ஒரு வேளைச் சோற்றுக்கு இவ்வளவு. காட்டு வேலையும் தண்ணீர் தூக்குவதும் விறகு பொறுக்குவதும் முடித்துவிட்டு இதைச் செய்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கலப்புப் பயிரின் அழகான சிக்கலைப் பற்றி நான் மேலே ஒரு பத்தி எழுதினேனே, அதன் ஒரு பெரிய பங்கு பெண்களின் தோள்பட்டையில் இருந்தது. டெஸ்லரின் விதி அங்கேயும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

குச்சிக்கிழங்கு வந்தபோது அந்த உலக்கை வேலை வீட்டைவிட்டுப் போனது. ஒழிந்துபோகவில்லை, ஆலைக்கும் லாரிக்கும் ரேஷன் கடைக்கும் இடம் மாறியது. அந்தப் பெண்களுக்கு அது உண்மையான லாபம். சென்னையில் அரைக்கிலோ சாமை வாங்கி இன்ஸ்டாகிராமில் போடுகிறவர்கள் இந்த லாபத்தைக் கணக்கில் சேர்க்காமல் பேசக்கூடாது.

ஆனால் இடம் மாறிய சிக்கலுக்கும் பில் வரும். வந்தது.

முதல் பில் விலை. கிழங்கை எடை மட்டும் போட்டு வாங்க மாட்டார்கள், மாவுச்சத்து எத்தனை ‘பாயிண்ட்’ என்று பார்த்து விலை போடுவார்கள். அளப்பது வாங்குகிறவர். ஜவ்வரிசியைப் பெரும்பாலும் சாப்பிடுவது நாமில்லை; மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் விரத நாளில் கிச்சடி கிண்டுகிறவர்களும், வங்காளத்துக்காரர்களும். ஆக வாசலூர்பட்டிச் சரிவில் இருக்கும் ஒரு குடும்பத்தின் வருமானம் புனேயின் நவராத்திரி விரதத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டது. சாமைக்குத் தொம்பையைத் திறந்து பார்த்தால் போதும். இதற்கு எங்கெங்கோ பார்க்கணும், பார்க்கவும் முடியாது.

இரண்டாவது பில் பூச்சி. இந்தக் கதை ரொம்ப நீளமான பயணம் போகும். குச்சியை வெட்டி நடுவதால் ஒரு ரகத்தின் செடிகள் எல்லாம் ஒன்றின் நகல்கள். நகலுக்கு வரும் நோய் எல்லா நகலுக்கும் வரும். 1970-களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளி மாவுப்பூச்சி பரவி, கோடிக்கணக்கானவர்களின் சோற்றுக்கே ஆபத்து வந்தது. அந்தப் பூச்சியின் சொந்த ஊரைத் தேடித் தென்னமெரிக்காவில் அலைந்து, 1981-ல் பராகுவேயில் அதைக் கண்டார்கள். அங்கே அதன் உடம்பில் முட்டையிட்டுக் கொல்லும் அனகைரஸ் லோபெஸி என்ற பொடிக்குளவியும் கிடைத்தது. அதை வளர்த்து ஆப்பிரிக்கா முழுக்க விட்டவர் ஹான்ஸ் ஹெரன், 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றவர். அதே மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் தென்பட்டது. சீக்கிரமே சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்தது. பெங்களூரில் இருக்கும் தேசியப் பூச்சி வள மையம் 2021-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து அந்தக் குளவியைத் தருவித்துச் சோதித்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விட்டார்கள்.

கொஞ்சம் நின்று பாருங்கள். ‘மூன்றடிக்கு ஒரு குச்சி நடு’ என்ற ஒரு வரி ப்ரோக்ராம் ஓடுவதற்கு, பராகுவே, நைஜீரியா, பெனின், பெங்களூர், ஏத்தாப்பூர் என்று ஐந்து இடத்தில், நாற்பது வருஷ ஆராய்ச்சி பின்னணியில் ஓடவேண்டியிருக்கிறது. புரோக்ராமர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். மேலே ஒரு வரி, கீழே யாரோ எங்கேயோ பராமரிக்கும் ஆயிரம் லைப்ரரி. ஏதாவது ஒன்று நின்றுபோனால்தான் அது இருந்ததே தெரியும்.

இந்த விஷயத்தை முன்கூட்டியே சொன்னவர் நம்மிடமே இருந்தார். 1968 ஜனவரியில் வாரணாசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் எம்.எஸ்.சுவாமிநாதன் பேசியபோது, உள்ளூர் ரகங்கள் பலவற்றை எடுத்துவிட்டு ஒன்றிரண்டு உயர்விளைச்சல் ரகங்களை நிரப்பினால் நோய் ஒட்டுமொத்தமாக அடித்துக்கொண்டு போகும் என்று எச்சரித்தார். பசுமைப் புரட்சி உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம், அதை நடத்தியவர்களில் முன்னால் நின்றவரும் அவரே. 1987-ல் உலக உணவுப் பரிசு தொடங்கியபோது முதல் பரிசு அவருக்கு. அந்தப் பணத்தை வைத்து 1988-ல் சென்னையில் அறக்கட்டளை தொடங்கினார். அந்த அறக்கட்டளை 1990-களிலிருந்து கொல்லிமலையில் சாமையையும் தினையையும் காப்பாற்ற வேலை செய்கிறது. இந்த முரணை வைத்து அவரைத் திட்டுகிறவர்களும் உண்டு, தலையில் தூக்கிவைப்பவர்களும் உண்டு. பட்டினியைத் துரத்த எளிமை வேண்டியிருந்தது, அதன் விலையையும் அவர் அறிந்திருந்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

கொல்லிமலையில் அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்த விஷயம் இயந்திரம். விதை வங்கி வைத்தார்கள், ரகங்களைப் பட்டியலிட்டார்கள், சரி. காப்பது, பயிரிடுவது, உண்பது, விற்பது என்று நாலையும் ஒன்றாகப் பிடிக்கணும் என்று கொள்கையும் வகுத்தார்கள். அதில் ‘உண்பது’ என்ற கண்ணி உலக்கையில் அறுந்துபோயிருந்தது என்பதைக் கண்டுபிடித்து, ஊருக்குள் உமி நீக்கும் மில்லையும் மாவு மில்லையும் கொண்டுவந்து, மகளிர் குழுக்கள் கையில் கொடுத்தார்கள். விதை வங்கியை எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். மில்லை யாரும் எடுப்பதில்லை. எனக்கென்னவோ மில் இல்லாத விதை வங்கி அருங்காட்சியகம்தான்.

விற்பது என்று வந்ததும் புதுத் தலைவலிகள் ஆரம்பம். பாக்கெட், லேபிள், உணவுப் பாதுகாப்பு உரிமம், பார்கோடு, கல் பொறுக்கும் இயந்திரம், தரம் பிரிக்கும் சல்லடை. 2023-ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரத்தில் தேவை கூடியது. அதே வருஷம் மே மாதம் தமிழ்நாடு அரசு நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. சாமை கொடுக்கவில்லை. காரணம் உமியாகவும் இருக்கலாம் என்பது என் ஊகம். கேழ்வரகை அப்படியே மூட்டையில் கட்டிக் கொடுத்துவிடலாம், வீட்டில் அரைத்துக்கொள்வார்கள். சாமையை உமியோடு கொடுத்தால் ஆயா கேட்ட கேள்வி மாநிலம் முழுக்கக் கேட்கும். உமி நீக்கிக் கொடுத்தால் கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடிக்கும். உமியோடு இருக்கும்வரைதான் அது கெடாமல் வருஷக்கணக்கில் தாங்கும்.

உமி நீக்கும் இயந்திரம் பார்க்க எளிமையானது. சுழலும் தட்டு தானியத்தை வேகமாக விசிறிச் சுவரில் மோதவிடும், உமி உடையும், காற்று அதை ஊதித் தள்ளும். வேகம் குறைந்தால் உமி போகாது, கூடினால் அரிசி நொறுங்கும். ஈரம் ஒரு சதவீதம் முன்னே பின்னே இருந்தாலும் கணக்கு மாறும். சாமைக்கு வைத்த சல்லடை தினைக்கு ஆகாது, வரகுக்கு உமி அடுக்கடுக்காக இருப்பதால் ஒரு தடவை விட்டால் போதாது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் உட்படப் பலர் இதில் மாடல்கள் செய்திருக்கிறார்கள். நெல்லுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மில் தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது, சாமைக்கு முப்பது வருஷம்கூடச் சரியாக ஆகவில்லை. இந்த இயந்திரங்களின் வரலாற்றைத் தனியாக எழுத எண்ணம், சேலம் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேரிடம் பேசவேண்டியிருக்கிறது.

க்ளூகர் புத்தகம் வேண்டுமென்றால் என்னிடம் இரவல் கேளுங்கள், திருப்பித் தரவேண்டிய அவசரமில்லை.